வயிற்றை எட்டாத சோறு

என் மனைவி பாக்கியம் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடத் தொடங்கியதுதான் முதல் அறிகுறி. காய்ந்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்றே தேயிலைக் கொழுந்து பறித்தவள் அவள். "பல்லு போயிருச்சாக்கும்" என்றேன். "பல்லுக்கு என்னாங்க, நெஞ்சுக்கிட்ட நிக்குது" என்றாள். நான் மறுபடியும் பத்திரிகைக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

இப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன். வீட்டு விலங்குகளின் சமிபாடு (செரிமானம்) நான் விரும்பி நடத்திய பாடம். மாடு அரைகுறையாக மென்று விழுங்கியது உணவுக்குழாய் வழியே இரைப்பையின் முதல் அறைக்குப் போகும். பிறகு அதே வழியில் வாய்க்கு மீண்டு வரும். அதுதான் அசைபோடுதல். குதிரையின் இரைப்பை வாசல் மிக இறுக்கமானது. அதனால் வாந்தி எடுப்பதே அதற்கு அரிது. நாய் எளிதில் எடுக்கும். வயிறு குலுங்கி, புளித்த வாடையோடு வந்தால் உணவு இரைப்பை வரை போயிருக்கிறது. குலுங்காமல், தின்றது தின்றபடியே வந்தால் அது வாந்தி அல்ல, உணவுக்குழாயிலேயே தடை. இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன் நான்.

எங்கள் வீடுகளில் பெண்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் குசினியில் அடுப்போரம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவள் எவ்வளவு சாப்பிட்டாள், எவ்வளவு திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியாது. எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை. ஒருநாள் அவள் கொல்லையில் துப்புவதைக் கண்டு, "என்னா, நம்ம மாட்டோட சேந்து நீயும் அசைபோடுறியா?" என்றேன். அவள் சிரித்தாள். அதனால் அந்தக் கேலியைப் பிறகும் பலமுறை சொன்னேன்.

எங்களிடம் ஒரு பசு இருந்தது. கொல்லையில் விளைந்ததில் விற்காத சிறு உருளைக்கிழங்குகளைப் பாக்கியம் துண்டு துண்டாக வெட்டித்தான் அதற்குப் போடுவாள். ஒரு காலை அது கழுத்தை நீட்டி, எச்சில் வடிய நின்றது. இடது விலா ஊதிக்கொண்டே போனது. கிழங்கு உணவுக்குழாயை அடைத்தால் வாயு ஏப்பமாக வெளியேற முடியாது, உள்ளே பெருகி நுரையீரலை நெருக்கும் என்று பக்கத்து வீட்டு முருகேசுவுக்கு விளக்கத் தொடங்கினேன்.

"மாஸ்டர், மாடு பலூன் மாதிரி ஊதுது! பாடத்த அப்பறம் நடத்துங்க, மொதல்ல போனப் போடுங்க!" என்று அவர் கத்தினார்.

போன் போட்டேன். வழி காட்ட ரோட்டுக்கு ஓடினேன். மிருக வைத்தியர் வந்தார். இளம் சிங்களப் பெண்; தோட்டங்களில் பழகிய தமிழ். மாட்டின் வாய்க்குள் கட்டையைக் கொடுத்து, கழுத்தின் வெளிப்புறத்திலிருந்து கிழங்கை மெல்ல மேலே தள்ளி, கையை விட்டு எடுத்தார். மாடு நீளமாக ஏப்பம் விட்டது. "தோட்டத் தொரை விருந்து சாப்புட்ட மாதிரில்ல ஏப்பம் விடுது" என்றார் முருகேசு. எல்லோரும் சிரித்தோம்.

"யாரு முழுசாப் போட்டது?" என்று வைத்தியர் கேட்டார்.

"நான்தாங்க மிஸ். வெட்டக் கையில தெம்பில்ல" என்றாள் பாக்கியம்.

"அறிவிருக்கா ஒனக்கு? மாடு செத்திருந்தா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

வைத்தியர் என் பக்கம் திரும்பவில்லை. "ஏன்மா தெம்பில்ல?"

"சாப்பாடு எறங்க மாட்டேங்குதுங்க."

"வாந்தியா? வயித்தக் கொமட்டிட்டு வருதா?"

"கொமட்டல் இல்லைங்க. புளிப்பும் இல்ல. போட்டபடியே வருது."

கை கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "மாஸ்டர், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

தலையாட்டினேன். அவர் போனதும், "மாட்டு டொக்டர் மனுசனுக்கு வைத்தியம் சொல்லக் கெளம்பிட்டாங்க" என்றேன். 'கேஸ்டிரிக்' என்று நானே முடிவு செய்து மருந்துக் கடையில் குளிசை வாங்கிக் கொடுத்தேன். பாக்கியத்தின் வாக்கியம் என் பாடத்தின் வாக்கியம் என்பது எனக்கு உறைக்காமல் இல்லை. உறைத்தது. அது என் வீட்டில் நடக்கும் என்று ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை.

தேநீரும் இறங்காமல் போன பிறகுதான் கண்டிக்குக் கூட்டிப் போனேன். அங்கே எண்டோஸ்கொப்பி (கமரா பொருத்திய குழாயை விழுங்கவைத்து உள்ளே பார்க்கும் சோதனை) செய்தார்கள்.

"எவ்வளவு காலமா இப்படி இருக்கு?" என்று டொக்டர் கேட்டார்.

"ரெண்டு மூணு வாரந்தான்" என்றேன்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "போன பொங்கலுக்கு முந்தியே இருந்துச்சுங்க சேர்" என்றாள்.

உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது. அடைப்பின் நடுவே ஸ்டென்ட் (வழியைத் திறந்துவைக்கும் வலைக்குழாய்) வைத்து அனுப்பினார்கள். அது இரைப்பை வாசலையும் திறந்தே வைப்பதால், உள்ளே போனது மேலே ஏறாதபடி தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவைக்க வேண்டும். எதையும் கூழாகத்தான் கொடுக்க வேண்டும். இவற்றைச் சரியாகச் செய்தேன். என்னால் முடியும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

சில வாரம் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். குசினியில் இல்லை, எனக்கு எதிரில் உட்கார்ந்து. கன்னம்கூடக் கொஞ்சம் தேறியது. ஒருநாள் கரண்டியால் ஊட்டும்போது, "என்னைய மன்னிச்சிரு" என்றேன்.

"மாட்டுக்குத்தாங்க வாயில்ல. எனக்கு இருந்துச்சுல்ல. நான்தான் சொல்லாம இருந்துட்டேன்" என்றாள்.

அது உண்மையல்ல. அவள் சொன்னாள். முதல் நாளே சொன்னாள். மாட்டின் பக்கத்தில் நின்றும் சொன்னாள். என்னைக் காப்பாற்ற அவள் சொன்ன அந்தப் பொய்யை நான் அன்று மறுக்கவில்லை. இங்கே மறுக்கிறேன்.

மழை பிடித்த மாதத்தில் அவள் போய்விட்டாள்.

உங்கள் வீட்டில் யாராவது "நெஞ்சுக்கிட்ட நிக்குது" என்றால், அவர்களோடு உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவதைப் பாருங்கள். பிறகு கூட்டிப் போங்கள்.

கரும்பலகையில் நீளக் கோடாக வரைந்து பெயர் குறித்த அந்தக் குழாய் எனக்குள்ளும் இருப்பதை இப்போதுதான் உணர்கிறேன். ஒரு வாய்ச் சோறு நாக்கை விட்டு இரைப்பைக்குப் போய்ச் சேரச் சில விநாடிகள் ஆகும். முன்பு அந்த விநாடிகளை நான் கவனித்ததே இல்லை. இப்போது விழுங்கியதும் கையைத் தட்டில் வைத்தபடி அது போய்ச் சேரும் வரை காத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடுத்த வாயை எடுக்க வெட்கமாக இருக்கிறது. பசிக்கிறது, எடுக்கிறேன்.