செவலைக் குதிரையின் கடைவாய்

நான் கால்நடை மருத்துவன். பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு லாயத்தில் நின்ற போலீஸ் குதிரைகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை உடல்தகுதிச் சான்று கொடுப்பதும் என் வேலை. ஆனித் தேரோட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அங்கிருந்து போன் வந்தது. செவலைக் குதிரை தலையை உதறுகிறதாம், கூட்டத்தில் நிற்க மறுக்கிறதாம். தேருக்கு முன் அடங்காவிட்டால் அதைக் கழித்துக்கட்டிவிடுவார்களாம்.

லாயத்து அதிகாரி தன் மீசையைத் தவிர வேறெதையும் ஒழுங்காகப் பராமரித்ததில்லை. ரதவீதியில் ஒரு குதிரை அசையாமல் நின்றால் போலீஸ்காரர் லத்தியைத் தூக்கவே வேண்டாம், ஜனம் தானாக விலகும். அந்த மரியாதையெல்லாம் தனக்குத்தான் என்று பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார் மனிதர்.

"டாக்டர், கண்ணு பட்டுட்டு. சுத்திப் போட்டாச்சு. திமிரும் ஏறிக் கெடக்கு, அதான் கடிவாளத்த இறுக்கச் சொல்லிருக்கேன்" என்றார். குதிரையின் கழுத்தில் கறுப்புக் கயிறு, வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குதிரை புல்லைப் பாதி மென்று உருண்டையாகக் கீழே போட்டது. காலடியில் அப்படி ஏழெட்டு உருண்டைகள் கிடந்தன. தினமும் அதை மிதித்துக்கொண்டு நடந்தவருக்குக் கண்ணேறு மட்டும் தெரிந்திருக்கிறது!

மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து வைக்கும் இரும்புச் சட்டத்தை மாட்டினேன். குதிரைப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். இவர்களோ செல்லம் கொடுக்கிறோம் என்று ஊறவைத்த கொள்ளைக் கொட்டிவிட்டுப் புல்லைக் குறைத்திருந்தார்கள். கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகி, கன்னத்தின் உட்புறம் முழுக்கப் புண். கடிவாளத்தை இழுக்க இழுக்க அந்தச் சதை பல்லில் போய் அழுந்தும். நீளமான அரத்தால் அரைமணி நேரம் ராவினேன்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "உங்க வாயில பிளேட வச்சு இழுத்தா நீங்க சும்மா நிப்பீயளா?" என்று கேட்டேவிட்டேன். அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

குதிரையின் தலையை ஒரு காவலர் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார். அதை ஓட்டுகிறவர் அவர்தான்.

"போன வருசமும் இப்படித்தான் சார் உருண்டை உருண்டையாப் போட்டுச்சு. நீங்க வந்திய. வெயிலா இருக்குன்னு வாசல்லயே நின்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டிய" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

'பற்கள்: நலம்' என்று நான்தான் எழுதியிருந்தேன்.

தேரன்று செவலை அசையாமல் நின்றது. எல்லாம் எலுமிச்சம்பழத்தின் வேலை என்று அதிகாரி சொல்லித் திரிந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த முட்டாளுக்குக் குதிரையின் வாய்க்குள் என்ன இருக்கும் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.