ஓடாத டிஸ்க்கும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கையைவிட என் வாய்தான் அதிகம் வேலை பார்க்கும். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் பழைய கம்ப்யூட்டரோடு வந்தார். ஆன் செய்தேன், ஹார்ட் டிஸ்க் சுழலும் சத்தமே இல்லை.

"ஆள் போயாச்சு அண்ணாச்சி. பால் ஊத்திற வேண்டியதுதான்" என்று சிரித்தேன்.

"போன மாசந்தான் என் வீட்டுக்காரிக்கு ஊத்துனேன், தம்பி. மக கல்யாணப் பத்திரிகைய அவதான் இதுல அடிச்சு வச்சிருக்கா. அது வேணும்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மீட்டரை எடுத்தேன். பன்னிரண்டு வோல்ட் வரவேண்டிய மஞ்சள் ஒயரில் எட்டுதான் வந்தது. டிஸ்க் சாகவில்லை, கரண்ட் போதாமல் கிடந்திருக்கிறது. என் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைக் கழற்றி மாட்டியதும் கிர்ரென்று சுழன்றது. திரையில் பத்திரிகை. அழைப்பவர்களில் கணவர் பெயரோடு அந்த அம்மாவின் பெயரும் இருந்தது.

"பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற'ன்னு சேத்துரவா, அண்ணாச்சி?"

"வேண்டாம்யா. அவ அடிச்சபடியே இருக்கட்டும்."

அப்படியே அச்செடுத்துக் கொடுத்தேன். எந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் இன்றும் அம்மாவின் பெயரைத்தான் முதலில் படிக்கிறேன்.