பரீட்சையன்று கடற்பாசி சூப்

மெங் ஓக்சுன் அம்மாள் நடத்தும் பெண்கள் விடுதியில் ஒன்பது மாணவிகள், ஒரே குளியலறை. காலையில் அங்கே நடப்பது குளியலா, குடுமிப்பிடிச் சண்டையா என்பது சுஞ்சொன் நகரத்துச் சாமிகளுக்கே வெளிச்சம். அம்மாளைப் பிள்ளைகள் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் சித்தி விடிவதற்குள் எழுந்து, மாட்டிறைச்சி போட்டுக் கடற்பாசி சூப் வைத்துவிடுவார். அது இல்லாமல் ஒரு பிறந்தநாளா? தன் பிறந்தநாளை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் பரீட்சை என்று வந்துவிட்டால் அதே சூப்தான் எமன். பாசி வழுக்கும், குடித்தவளும் தேர்வில் வழுக்கி விழுவாள் என்று ஒரு நம்பிக்கை. அந்த வருஷம் விடுதிப் பிள்ளைகளில் ஒருத்தியான போராம் மூன்றாம் முறையாக ஆசிரியர் தேர்வு எழுத இருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இதுவும் போனால் ஊரில் அப்பாவின் மீன்கடையில் போய் உட்கார வேண்டியதுதான். சித்தி வீட்டிலிருந்த பாசியைப் பொட்டலத்தோடு பக்கத்து வீட்டுக்கு நாடுகடத்தினார். பிறகு காலண்டரைப் பார்த்தால் பகீரென்றது. சந்திரக் கணக்கில் வருஷா வருஷம் நகரும் அவருடைய பிறந்தநாள், அதுவும் அறுபதாவது, சரியாகத் தேர்வு நாளில் வந்து குந்தியிருந்தது! சித்தி மூச்சு விடவில்லை.

மொக்போ ஊரில் இருக்கும் சித்தியின் அக்காதான் போட்டு உடைத்தார். "எங்கடி அவ? அறுபதுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று போனில் அவர் கத்திய கத்தல், எடுத்துப் பேசிய இன்னொரு விடுதிப் பெண் சோல்பியின் காதைத் துளைத்து வீடு முழுக்கக் கேட்டது. சித்தி அப்போது சந்தையில் இருந்தார்.

தேர்வன்று காலை சித்தி சமையலறைக்குள் நுழைந்தால், அடுப்பில் பாசி சூப் கொதிக்கிறது. ஒன்பது பேரும் தூக்கக் கலக்கத்தோடு கை தட்டுகிறார்கள்.

"அடிப் பாவிகளா! யாருடி இந்த வேலையைப் பாத்தது? கொண்டுபோய்க் கொட்டுங்கடி!"

"கிளறினது சோல்பி. யோசனை என்னோடது சித்தி," என்றாள் போராம்.

"உனக்கென்ன கிறுக்கா? கிட்ட வராதே! மோந்துகூடப் பாக்காதே!"

போராம் ஒரு கிண்ணம் நிறைய மொண்டுகொண்டாள். சித்தி பறிக்கப் பாய, அவள் மேசையைச் சுற்றி ஓட, சூப் தரையெல்லாம் சிந்த, மற்றவர்கள் கத்திக் கூப்பாடு போட்டார்கள்.

"ரெண்டு தடவை இதைத் தொடாமத்தானே போனேன்? போய் என்னத்தைக் கிழிச்சேன்?"

வீடே கொல்லென்று சிரித்தது. அந்த இடைவெளியில் போராம் மடமடவென்று குடித்து முடித்து, இன்னொரு கிண்ணத்தைச் சித்தியின் முன் வைத்தாள்.

"எனக்காக உங்க அறுபதையே முழுங்கப் பாத்தீங்களே, நீங்கல்லாம் ஒரு சித்தியா? குடிங்க. நீங்க குடிச்சாத்தான் நான் கிளம்புவேன்."

சித்தி குடித்தார். உப்புக் கொஞ்சம் தூக்கல். ஊருக்கெல்லாம் வைத்துப் போட்டவருக்கு இன்னொருவர் வைத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷம் தாங்காமல் அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். போராம் வாசலைத் தாண்டும்போது சித்திக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. "வாயையாவது கொப்புளிச்சிட்டுப் போடி!" என்று பின்னாலேயே ஓடினார்.

போராம் தேறிவிட்டாள். சித்தி செருப்புக்கூடப் போடாமல் தெரு முழுக்க ஓடிச் சொன்னார்.

அடுத்த வருஷம் சோல்பியின் முறை. அந்தத் தடவை சித்தியின் பிறந்தநாள் தேர்வுக்கு வெகுநாள் தள்ளி வந்தது. தேர்வுக்கு முந்தின நாள் சோல்பி சமையலறை வாசலில் வந்து நெளிந்தாள்.

"சித்தி, கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க. உங்க பிறந்தநாளைப் பரீட்சையன்னிக்கே வச்சுக்கலாமே?"

"போடி கழுதை! நான் பொறந்த நாளை நீ மாத்துவியா?" என்று கரண்டியை ஓங்கினார் சித்தி. கரண்டியைக் கீழே வைத்ததும் முதல் வேலையாகப் பாசியை எடுத்து ஊறப் போட்டார்.

இப்போதெல்லாம் சித்திக்கு வருஷத்தில் இரண்டு பிறந்தநாள்.