அண்ணன் பெயருக்கு வந்த பதில்

எழுபத்தொன்றாம் ஆண்டு பாகிஸ்தான் யுத்தத்தில் கிழக்கு எல்லையில் இறந்த என் அண்ணனின் உடல் எங்கள் ஊரான பூவத்துக்கு வரவில்லை. ஒரு பூ வைக்கக்கூட எங்களுக்கு இடமில்லாமல் போனது.

அடுத்த ஆண்டு நவம்பரில் முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலுக்குப் போயிருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இறந்த ஊர்க்காரர்களின் நினைவுத்தூண் முன்னால் கூட்டம் நின்றது. பழைய சிப்பாய் ஒருவர் பெயர்களை வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் மற்றவர்கள் பிரெஞ்சில் ஒரே குரலாகப் பதில் சொன்னார்கள். "பிரான்சுக்காக உயிர் கொடுத்தார்" என்று அர்த்தமாம். பக்கத்தில் நின்ற அம்மாள் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இதுல உங்க வீட்டுப் பேரு இருக்குங்களா?"

"இல்லீங்க. எங்கண்ணன் இந்தியப் பட்டாளம்."

அந்த அம்மாள் சிப்பாயிடம் போய் ஏதோ சொன்னார். கடைசிப் பெயர் முடிந்ததும் சிப்பாய் என் பக்கம் திரும்பி, "பேரு சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

"பூவம் கலியமூர்த்தி" என்று அதே கணீர்க் குரலில் கூப்பிட்டார். பழக்கதோஷத்தில் எல்லோரும் அதே பிரெஞ்சுப் பதிலைச் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அண்ணன் பிரான்சைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவன் பெயருக்கு ஒரு கூட்டம் பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான். அந்தத் தவறைத் திருத்த இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை.