மதுரையில் ஆறு மணிக்கு மேல்

மதுரையில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் மீனாட்சி சன்னிதியில் ஒரு நெய்விளக்கு ஏற்ற வேண்டும், அப்போது பக்கத்தில் என் வீட்டுக்காரர் நிற்க வேண்டும். இதென்ன பெரிய காரியம் என்று கேட்பீர்கள். அந்த மனிதர் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் வாசற்படி தாண்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நாங்கள் மலாயாவில், நெகிரி செம்பிலானில், புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். அங்கே அவசரகாலச் சட்டம் நடந்த வருஷங்கள். காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் நாங்கள். சிதறிக் கிடந்த லய வீடுகளையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் உடம்பைத் தடவிச் சோதனை. மாலை ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்தினால் விடியும்வரை ஈ காக்கா வெளியே போக முடியாது. அந்த வேலிக்குள்ளிருந்துதான் மூன்று மாத லீவில் கப்பலேறி வந்திருந்தோம். நான் தோட்டத்திலேயே பிறந்தவள், இந்தியாவைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

மதுரை சிம்மக்கல்லில் என் நாத்தனார் வீடு. அங்கே இரண்டு ராத்திரி தங்கிவிட்டு ஒரு கல்யாணத்துக்காகக் கிராமத்துக்குப் போவதாக ஏற்பாடு. நடுவில் கிடைத்த அந்த ஒரு பகலுக்குத்தான் நாத்தனார் ஒரு குதிரைவண்டியைப் பேசி விட்டார். காலையிலிருந்து சாயங்காலம்வரை வண்டி எங்களுக்கு மட்டும். வண்டிக்காரரே ஊரைச் சுற்றிக் காட்டி விளக்கமும் சொல்வார். ஜமீன் வீட்டுக்காரர்கள் மாதிரி ஏறி உட்கார்ந்தேன். ஏறின வேகத்தில் வண்டி பின்னால் சாய்ந்தது.

"முன்னாடி தள்ளி ஒக்காரு தாயி. குதிரையத் தூக்கிட்டா அப்புறம் நான் எறங்கி இழுக்கணும்" என்றார் வண்டிக்காரர்.

அந்த வண்டிக்காரரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அறுபது வயதிருக்கும், வெற்றிலை போட்டுப் போட்டு வாய் சிவந்து கிடந்தது. ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ராஜா இவரைக் கூப்பிட்டு யோசனை கேட்டுத்தான் கட்டினார் போலிருக்கும். சித்திரை வீதி, ஆடி வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலை நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றி வீதி போட்டிருக்கும் அழகை அவர் சொல்லச் சொல்ல, நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ஒரு ஊர் முழுக்க மாதங்களின் பேரில் நடக்கலாம் என்பதே எனக்குப் புதிது. எங்கள் தோட்டத்தில் இடத்துக்கெல்லாம் நம்பர்தான்.

"இந்த ஊருல தொலைஞ்சு போறதே முடியாதும்மா. எங்கிட்டுப் போனாலும் ஒரு கோபுரம் தெரியும். அதைப் பாத்து நடக்க வேண்டியதுதான்."

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

முதலில் திருமலை நாயக்கர் மஹால். வெளியிலிருந்து பார்த்தபோது பெரிய கட்டடம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். உள்ளே போவதற்குள்ளேயே மானம் போயிற்று. அப்போது அந்த மஹாலில் கோர்ட்டு நடந்துகொண்டிருந்தது. வாசலில் காக்கி உடுப்பும் பட்டையும் போட்ட சேவகர் ஒருவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் நாங்கள் இரண்டு பேரும், யாரும் சொல்லாமலேயே, நின்றுவிட்டோம். நான் கைப்பையைக் கீழே வைத்தேன். என் வீட்டுக்காரர் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டு இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கினார். நானும் தூக்கினேன். தினமும் காலையில் செய்கிற வேலை, கை தானாகப் போயிற்று.

சேவகர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "என்னய்யா, கேஸ் எதுவும் இருக்கா? இன்னைக்கு வாய்தாவா?"

கேஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. வண்டிக்காரர் ஓடிவந்து, "மலாயாவிலருந்து வந்திருக்காக, சுத்திப் பாக்க" என்று சொல்லிச் சமாளித்தார். சிரிக்கப் போன வண்டிக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த நாகரிகத்துக்காகவே அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

உள்ளே போனால், அடேயப்பா, தூணா அது! ஒரு தூணைக் கட்டிப் பிடிக்க என்னைப்போல மூன்று பேர் வேண்டும். எங்கள் ரப்பர் வெட்டுக்காட்டில் வரிசை வரிசையாக மரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் அது அதிகம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் அரைத்துப் பூசினது என்று வண்டிக்காரர் சொன்னார். நான் தடவிப் பார்த்தேன். சில்லென்று வழவழப்பாக இருந்தது. தூண்களுக்கு அந்தப் பக்கம் வக்கீல்கள் கறுப்புக் கோட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள், ஒரு புறா வளைவுக்கு வளைவு பறந்தது. எவ்வளவு உயரம் வீணாக விட்டிருக்கிறார்கள் என்று முதலில் தோன்றியது. அப்புறம், மனிதன் நிமிர்ந்து பார்ப்பதற்கென்றே விட்ட உயரம் அது என்று புரிந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கழுத்து வலித்தது.

வெளியே வந்ததும் வண்டிக்காரர் எதிரிலிருந்த கிளப்புக் கடையில் நுழைந்து, புளியோதரையும் தயிர்ச்சோறும் இலையில் கட்டி வாங்கிவந்தார். "தெப்பக்குளத்து நெழல்ல ஒக்காந்து சாப்பிடுவோம். காத்து பிச்சிக்கிட்டு வரும்."

"வேணாம்லா" என்றார் என் வீட்டுக்காரர். "இங்கயே சாப்பிட்டுருவோம். வெளிய எடுத்துட்டுப் போனா சூசாலா."

"என்னய்யா சூசா?"

தொந்தரவு என்பதற்கு எங்கள் ஊர் வார்த்தை அது, பேச்சின் முடிவில் 'லா' சேர்ப்பதும் எங்கள் ஊர்ப் பழக்கம். அதை விளக்கிச் சொல்லும் நிலையில் அவர் இல்லை. கடை வாசலிலேயே நின்றபடி இரண்டு பொட்டலத்தையும் பிரித்து, எனக்குப் பாதி, அவருக்குப் பாதி என்று வழித்துச் சாப்பிட்டு, இலையில் ஒரு பருக்கை ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, பிறகுதான் வண்டியில் ஏறினார்.

இதற்கெல்லாம் காரணம் நான். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்பது அப்போது சட்டம். சார்டின் டின்னைக்கூடக் கடைக்காரர் துளை போட்டுத்தான் விற்க வேண்டும். பசித்தாலும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துதான் சாப்பாடு. ஒரு நாள் காலை, பெரட்டுக்கு ஆள் எண்ணும் நேரமாகிவிட்டது என்று இவர் வெறும் வயிற்றோடு கிளம்பினார். முதல் நாள் காய்ச்சல் வேறு. எனக்கு மனசு கேட்கவில்லை. மிச்சச் சோற்றில் ஒரு துண்டு கருவாட்டை வைத்துக் கட்டி, அவருக்குத் தெரியாமல் சைக்கிள் பைக்குள் செருகிவிட்டேன். வழக்கமாகச் சோதிக்கிற மாத்தா, அதுதான் போலீஸ்காரர், பையை மேலாகத் தட்டிப் பார்ப்பதோடு சரி. அன்றைக்குப் பார்த்து வேறு ஆட்கள் வந்திருந்தார்கள்.

பொட்டலம் அகப்பட்டது. அவரை நான்கு மாதம் தடுப்புக் கேம்பில் வைத்திருந்தார்கள். 'என் பெண்டாட்டி வைத்தது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை வேறு. "என் பசிக்கு நான்தான் கட்டிக்கிட்டேன்" என்று கடைசிவரை அதையே சொல்லியிருக்கிறார். திரும்பி வந்த பிறகு என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆறு மணிக்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அவரிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். அவர் ஐந்துக்கே கதவைச் சாத்தினார். கப்பலிலும் அப்படித்தான், ஐந்து மணிக்கு மேல்தட்டிலிருந்து கீழே போய்விடுவார். அவர் கேம்பில் இருந்தபோது நான் செய்துகொண்ட வேண்டுதல்தான் அந்த நெய்விளக்கு.

தெப்பக்குளத்தில் தண்ணீர் குறைவு. இருந்தாலும் நடுவில் மண்டபமும் மரங்களுமாக அது நின்ற நிற்பு கண்ணை எடுக்க விடவில்லை. மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டின பள்ளம்தான் இது என்றார் வண்டிக்காரர். தோண்டின பள்ளத்தைக்கூட இப்படி அழகு பண்ணி வைக்க ஒரு மனசு வேண்டும். எங்கள் பக்கம் ஈயத்துக்குத் தோண்டின குட்டைகள் அப்படியே பல்லிளித்துக்கொண்டு கிடக்கும்.

நான்கு மணிக்குக் கோயில் நடை திறந்ததும் உள்ளே போனோம். நாலு திசையிலும் வாசல், நாலும் திறந்து கிடந்தது. கிழக்கே நுழைந்து தெற்கே போகிறவர்கள், பூக்கூடையோடு குறுக்கே நடக்கிறவர்கள், தூணில் சாய்ந்து தூங்குகிறவர்கள், ஒருவரையும் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் தூண்கள் நேர்கோட்டில் ஓடின. ஒரு குறத்தி சிலையின் முழங்கை மடிப்பை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லில் சதை மடியுமா? அங்கே மடிந்திருந்தது. என் வீட்டுக்காரர்கூட ஒரு யாளியின் வாய்க்குள் கைவிட்டு உள்ளே உருளும் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்படிலா செஞ்சானுங்க" என்றார். அன்றைக்கு அவராகப் பேசிய முதல் வார்த்தை.

பொற்றாமரைக்குளப் படியில் உட்கார்ந்தோம். கோபுர நிழல் தண்ணீரில் நீண்டுகொண்டே வந்தது. அவர் நிழலையே பார்த்தார். பிறகு எழுந்தார்.

"போலாம் புள்ள. நேரமாச்சு."

"இன்னும் ஒரு மணி நேரம்தாங்க. வெளக்கு வச்சதும் போயிரலாம்."

அவர் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்ற வண்டியில் ஏறி, உள்ளே தள்ளி, இருட்டாக இருந்த மூலையில் உட்கார்ந்துகொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"இனிமேத்தானய்யா ஊரே வெளிய வரும்" என்றார் வண்டிக்காரர், ஒன்றும் புரியாமல்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. அவர்மேல் வந்ததா, என்மேல் வந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. நடுவீதியில், வேற்று ஆள் முன்னால், அதுவரை வாய்திறந்து பேசாததைப் பேசிவிட்டேன்.

"போறதுன்னா போங்க. அந்தச் சோத்தைக் கட்டி வச்சவ நான். நீங்க நாலு மாசம் உள்ள இருந்தது என்னால. வெளக்கை ஏத்தாம நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்."

நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

விளக்கு ஏற்றும் நேரம் வரும்வரை தூணோரம் தனியாக நின்றேன். மணி அடித்தது, நாகசுரம் கேட்டது, வரிசை வரிசையாகச் சுடர்கள் எழுந்தன. அவ்வளவு வெளிச்சத்தையும் அவ்வளவு பூவாசனையையும் ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. என் அகலை ஏற்றி வைத்தேன். என்ன கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது அத்தனையும் மறந்துபோயிற்று. அம்மா, அம்மா என்று மட்டும் சொன்னேன். பக்கத்து இடம் காலியாக இருந்ததைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

வெளியே வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வண்டி அதே இடத்தில் நின்றது, குதிரை புல் தின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் இல்லை.

"ஐயா வீட்டுக்குப் போயிட்டாரா?"

"வீட்டுக்கா? ரெண்டாவது சுத்து சுத்துறாரு" என்றார் வண்டிக்காரர். "நீ உள்ள போன கொஞ்ச நேரத்துல எறங்குனாரு தாயி. 'எவனாச்சும் நிறுத்திக் கேக்குறானான்னு பாக்குறேன்'னு சொல்லிட்டு நடந்தாரு. ஒரு சுத்து முடிச்சு இந்தப் பக்கமா வந்தவரு, நிக்காம மறுபடியும் போயிட்டாரு."

பூக்கடைகளுக்கு நடுவே, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வீதி முனையிலிருந்து அவர் வந்தார். சட்டை நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது. முகத்தில் என்ன இருந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

"நாலு வீதியும் சுத்திட்டேன் புள்ள. ரெண்டு தடவை. ஒருத்தன் ஒண்ணும் கேக்கலே."

நான் வீதியில் நின்று அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பற்றியும் பேசவில்லை. "வா, ஒனக்கும் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

நடந்தோம். மூன்று வீதி தாண்டி நாலாவது முனையில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். என் வீட்டுக்காரர் நடை தளர்ந்தது. என் கை தானாகக் கைப்பைக்குப் போயிற்று. போலீஸ்காரர் எங்களைப் பார்த்து ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"அண்ணே, மணி என்ன?"

என் வீட்டுக்காரர் நின்றார். கைக்கடிகாரத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"ஏழே கால்" என்றார், வீதியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.