நாற்பத்தேழாம் நம்பர் அடிக்கட்டை

யுத்தத்துக்காக மரவெட்டு மும்முரமாக நடக்கும் இந்த வருஷம், பொன்முடி அடிவாரக் காட்டுக்கு நான் போனது அழகு பார்க்க அல்ல. என் தம்பி கிச்சா அங்கே வனக் காவலன். அவன் பொறுப்பில் வெட்டிய நாற்பத்தேழாம் நம்பர் தம்பக மரத்தின் அடிக்கட்டையில் முத்திரை இல்லை என்று புகார். வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் வேலை போய்விடும். கடிதம் வந்தது புதன் மாலை. மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீடு இருக்கும் வலியசாலையிலிருந்து நடந்து போய் பஸ் ஏறியபோது காலை ஆறரை. விதுரைக்கு இருபத்துமூன்று மைல், டிக்கெட் பன்னிரண்டு சக்கரக் காசு. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பின்னால் கரி அடுப்பு கட்டிய வண்டி. நெடுமங்காட்டு ஏற்றத்தில் நின்றுவிட்டது.

"டீச்சரம்மா, ஒண்ணு இறங்கணும் கேட்டோ. கரி பிடிக்கட்டு" என்றார் டிரைவர்.

இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். விதுரை சேர்ந்தபோது பத்தே முக்கால்.

ரேஞ்சு ஆபீஸ் வாசலில் கிச்சா முகம் வாடி நின்றான். மரம் வெட்டிய இடமான கல்லாற்றுக்கு மேலும் ஐந்து மைல் நடை. வழியில் காட்டு நிர்வாகத்தை விளக்கினான். காட்டை ரேஞ்சுகளாகவும், ரேஞ்சை ஆளுக்கொரு காவல் பகுதியாக, அதாவது பீட்டாகவும் பிரித்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு பகுதியில்தான் வெட்டு. அதிலும் நம்பர் போட்ட மரம் மட்டும். காவலன் முத்திரைச் சுத்தியலால் தடியில் ஒன்று, வேரை ஒட்டி ஒன்று அடிக்க வேண்டும். தடி பாஸுடன் போய்விடும். வேரடி முத்திரை காட்டிலேயே நிற்கும். திருட்டு வெட்டு இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஏற்பாடெல்லாம் பிரமாதம், சாட்சியைத்தான் காணோம்!

கட்டை செங்குத்தான சரிவில் இருந்தது. ரேஞ்சரும் ஒரு மரவெட்டியும் அங்கே காத்திருந்தார்கள். பள்ளத்துப் பக்கம் முத்திரையின் சுவடே இல்லை.

"எந்தப் பக்கம் நின்னுண்டு அடிச்சேடா?" என்றேன்.

"மேட்டுப் பக்கம் அக்கா. கீழே நின்னா கால் வழுக்கறது. ஆனா அங்கேயும் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை."

"தோண்டிப் பார்த்தியோ?"

"இல்லையே அக்கா." எனக்கு வந்த கோபத்தில் அறைந்திருப்பேன். இடைப்பட்ட மழையில் சரிந்த மண்ணெல்லாம் மேட்டுப் பக்கத்தில்தானே தங்கும்! மரவெட்டி மண்வெட்டியை எடுத்தார். ஒரு சாண் ஆழத்தில் முத்திரையும் நாற்பத்தேழும் தெளிவாகத் தெரிந்தன.

"கிட்டியல்லோ! ஈஸ்வரா!" என்று ரேஞ்சரே கத்திவிட்டார். அவருக்கும் இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "கீழ்ப்பக்கம் அடிக்கணும்னு சட்டம் அறியாதோ கிருஷ்ணா? இனி இப்படிச் செய்தா மெமோதான்" என்றார். கிச்சா அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்து அழுதான். என் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

இந்தக் காட்டுக்குப் போகிறவர்கள் ரேஞ்சு ஆபீசில் முன்கூட்டியே பாஸ் வாங்கிவிடுங்கள். காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டைக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் அவசியம். வெளுத்த புடவை கட்டாதீர்கள், கரி அப்பிவிடும். விதுரையில் கடைசி பஸ் நாலரைக்கு.

திரும்பும்போதும் அதே வண்டி, அதே டிரைவர். நான்கு தடவை நின்றது. ஒரு தடவைகூட எனக்குக் கோபம் வரவில்லை.