செல்வராசாவின் நிற்காத தலை

பூவரசங்குளத்தில் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் திருத்துகிற செல்வராசாவுக்குத் தலை ஆடும். ஐந்து வருடமாக, மேலும் கீழுமாக. நித்திரையில் மட்டும் நிற்கும். நரம்புக் கோளாறு, உயிருக்கு ஆபத்தில்லை. அண்ணை எதைக் கேட்டாலும் ஓம் என்பார் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார். வயது அறுபத்திரண்டு, மனைவி இல்லை, காலில் சீனி வருத்தப் புண். அதற்கு மருந்து கட்டத்தான் ஊர்க் கிளினிக்கில் வேலை செய்கிற நான் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன்.

வைத்தியருக்குக் காட்டுவதற்குத் தலை ஆடுவதை வீடியோ எடுக்கும்படி அவருடைய மகள் சிவதர்சினியிடம் சொன்னதும் நான்தான். அவள் வவுனியாவில் கொம்பியூட்டர் வேலை செய்பவள். கூட்டாளிகள் மூன்று பேருடன் சேர்ந்து போனில் விளையாடுகிற கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அதற்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான்.

எங்கள் வயதுக்காரருக்கு அந்த வில்லனைத் தெரியும். தொண்ணூறுகளில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தால் ஊர்ச்சனத்தை வரிசையாக நடக்கவிடுவார்கள். முன்னால் ஒருவன் கதிரையில் இருப்பான். தலையில் சாக்கு, கண்களுக்கு இரண்டு ஓட்டை. யாரைப் பார்த்து அவன் தலையாட்டுகிறானோ அவரைக் கொண்டுபோவார்கள். தலையாட்டி என்போம். சாக்குக்குள் இருந்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. செல்வராசாவின் தம்பி வினோதன் அப்படித்தான் போனான், திரும்பி வரவில்லை. அன்றைக்குச் செல்வராசா வரிசையில் இல்லை. எஞ்சின் சாமான் வாங்க ஓமந்தைக்குப் போயிருந்தார்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த சிவதர்சினி தலையாட்டியையே வில்லனாக்கினாள். தலை ஆடுகிற விதத்தைத் தகப்பனின் வீடியோவைப் பார்த்துச் செய்தாள். அவரிடம் கேட்கவில்லை.

கேம் வெளிவந்ததும் இளசுகள் அவனைத் திட்டித் திட்டி விளையாடின. தோற்றவன் போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு மறுபடி எடுப்பான். கேமின் ஒரு கட்டத்தில் தலையாட்டி வரவில்லை என்பதற்காகச் சண்டை பிடித்து எழுதினார்கள். உரப்பையைத் தலையில் போட்டு, ஆட்டிக்காட்டி, வீடியோ போட்டார்கள். அதில் ஒன்றின் கீழே யாரோ ஒருவன் எழுதினான்: “இது எங்கட லாண்ட்மாஸ்டர் அண்ணையின்ர ஆட்டமல்லோ.”

அவன் பகிடிக்கு எழுதினான். வாசித்தவர்கள் எல்லோரும் அப்படி எடுக்கவில்லை. அன்றைக்கு அவர் ஏன் வரிசையில் இல்லை, சாக்குக்குள் இருந்தது அவர்தானோ என்ற கேள்வி முப்பது வருடம் கழித்து எழும்பியது. பட்டறைக்கு ஆட்கள் குறைந்தார்கள். வயல் செய்கிற கமக்காரர் கூட்டத்தில் செல்வராசாவுக்கு நேரே இருந்த கதிரைகள் காலியாகின. அதன்பின் அவர் வீட்டைவிட்டுப் போகவில்லை. கிளினிக்கையும் விட்டுவிட்டார், அங்கே வரிசையில் நிற்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது நெற்றியைத் துவாயால் கதிரைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு இருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவிழ்த்து எறிந்தேன்.

“அக்கா, ஆரையும் பாத்துத் தலை ஆடிப்போட்டால்?” என்றார்.

மகளைக் கூப்பிட்டேன். வந்து அழுதாள். அழுகையைப் பிறகு வைத்துக்கொள் என்றேன். வில்லனை எடுத்துவிடுகிறேன் என்றாள். செல்வராசா மறித்தார்.

“எடுக்காதை பிள்ளை. இப்ப எடுத்தால், பயத்தில எடுப்பிச்சுப்போட்டான், இவன்தான் அவன் எண்டுவாங்கள்.”

அவர் எல்லோரையும் விடப் பயந்தது அழகம்மாவுக்கு. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இங்கே குடியேறியவர். வினோதன் போன அதே வரிசையில் அவருடைய மகன் சஜீவனும் போனான். மகனுக்குப் பின்னால் நின்று சாக்கு ஓட்டைகளைக் கிட்டத்தில் பார்த்தவர் அவர். கடையில் செல்வராசாவைப் பற்றி விசாரித்தார் என்று கேள்விப்பட்டோம்.

வெள்ளிக்கிழமை அழகம்மா படலையைத் திறந்து வந்தார். கையில் மடித்த சாக்கு. இரண்டு ஓட்டை வெட்டியிருந்தது.

“போட்டுக்கிட்டு உக்காருங்க. நான் பாக்கணும்.”

நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் செல்வராசா வாங்கிவிட்டார். சிவதர்சினி குசினி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாக்கைப் போட்டதும் அங்கே செல்வராசா இல்லை. நான் எத்தனையோ பிணம் கழுவியவள், என்றாலும் கால் தானாகப் பின்னால் போனது. அழகம்மா கதிரையை இழுத்து நேரே போட்டு, அவர் முழங்காலில் தன் முழங்கால் முட்ட இருந்தார். சாக்கு மேலும் கீழும் ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. உள்ளே மூச்சு இரைந்தது. பழக்கத்தில் எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தாறு. இன்னும் இரண்டு நிமிடம் போனால் மயங்கி விழுவார் என்று நினைத்தேன்.

அழகம்மாவே எழும்பிச் சாக்கைக் கழற்றினார்.

“இவரு இல்ல. அவன் ஒரே ஒரு தடவதான் ஆட்டினான். அப்புறம் எம்மவன இழுத்துக்கிட்டுப் போற வரைக்கும் அசையவே இல்ல.”

அதை அன்று பின்னேரமே கடையிலும் உரக்கச் சொன்னார். அடுத்த கிழமை பட்டறையில் இரண்டு லாண்ட்மாஸ்டர் நின்றன. எல்லோரும் திரும்பி வரவில்லை. செல்வராசா கிளினிக்குக்கு வந்தார். வரிசையில் சுவரைப் பார்த்தபடி நின்றார், ஆனாலும் நின்றார். புண் காய்ந்து வருகிறது.

சிவதர்சினி இந்த முறை கேட்டுவிட்டுச் செய்தாள். அழகம்மா தலையாட்டியைத் தான் கண்ட விதமாக மாற்றச் சம்மதித்தார், தனக்கு மட்டும் காட்டக் கூடாது என்றார். இளசுகள் முன்னையைவிட மோசமாகத் திட்டுகின்றனவாம், முன்னையைவிட அதிகமாக விளையாடுகின்றனவாம்.

எனக்கு அவள் போனில் காட்டினாள். அவன் ஒருமுறை தலையை ஆட்டினான். பிறகு அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் செல்வராசா இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புண்ணைக் கழுவச் சுடுதண்ணீர் வைத்தேன்.